ஜனவரி நதிப் பட்டணம்

இல்லாத ஒரு நதியின் பெயரைத் தாங்கிக்கொண்டு ஒரு மாநகரம் நாலரை நூற்றாண்டுக்கு மேலாகப் புகழோடு விளங்கி வருகிறது. பிரேஸில் தேசத்தின் கடற்கரையிலுள்ள ரியோ டி ஜனைரோ என்னும் பட்டணந்தான் அது. போர்த்துகேய பாஷையில் 'ரியோ' என்றால் நதி. 'ஜனைரோ' என்றால் ஜனவரி மாதம். 1502-ம் வருஷம் ஜனவரி முதல் தேதியன்று அந்தப் பக்கம் வந்த போர்த்துகேய மாலுமிகள், குவானபாரா விரிகுடாவின் குறுகிய வாயைக் கண்டு, இது ஏதோ ஒரு மகாநதியின் முகத்துவாரம் என்று எண்ணி இப்பெயரை வைத்தார்கள் என்பது வழிவழியாக வழங்கும் கதை. அக்காலத்தில் விரிகுடாவையும் நதி என்றே சொல்வதுண்டு என்று மாலுமிகளுக்காக வாதாடுகிற பண்டிதர்களும் இருக்கிறார்கள். எப்படியானாலும் அங்கே நதி கிடையாது, உப்பு ஜலந்தான்.

அந்தப் பட்டணத்துக்குப் போகிறவர்கள் நம் ஊர்ப் பஞ்சாங்கத்தையும் கடிகாரத்தையும் மறந்துவிட வேண்டும். இங்கே மார்கழிப் பனி பெய்யும்போது அங்கே கொளுத்தும் கோடை. இங்கே காலை ஏழு மணிக்கு நாம் காபி அருந்தும் வேளையில் அவர்கள் முந்தின நாள் இரவு பத்தரை மணியில்தான் இருப்பார்கள். நாம் சென்றது ஒரு டிசம்பர் மாதக் கடைசியில். தங்கியது ஒன்பது நாட்கள். அவர்களுடைய பாஷையில் நமக்குத் தெரிந்தது வந்தனமும் நன்றியும் மாத்திரமே. அவை இரண்டைக் கொண்டே ஒன்பது நாளையும் ஒப்பேற்றினோம்.

முதல் பார்வையிலேயே திகைக்க வைப்பது பட்டணம் அமைந்திருக்கும் விதம். மற்ற ஊர்களில் மலை ஊருக்கு வெளியே இருக்கும். கடல் ஓர் ஓரத்தில் இருக்கும். இங்கேயோ வீதிகளுக்கு நடுவில் கரும்பாறைகள் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. ஒரு தெருவில் திரும்பினால் பாறை, அடுத்த தெருவில் திரும்பினால் சமுத்திரம், அதற்கடுத்ததில் அடர்ந்த காடு. மலைக்கும் கடலுக்கும் நடுவே அகப்பட்ட இடத்தில் ஜனங்கள் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்த விசித்திர அமைப்புக்காகவே 2012-ம் வருஷத்தில் ஐக்கிய நாடுகளின் கலாசார ஸ்தாபனமாகிய யுனெஸ்கோ இந்நகரின் நிலக்காட்சியை உலகப் பாரம்பரியச் சொத்தாக அங்கீகரித்தது.

விரிகுடாவின் வாயிலில் காவற்காரனைப் போல நிற்பது சர்க்கரைக் கூம்பு மலை. 396 மீட்டர் உயரம். முற்காலத்தில் கரும்புப் பாகைக் கூம்பு வடிவமான மண் அச்சில் வார்த்துச் சர்க்கரைக் கட்டிகள் செய்வார்கள். அந்தக் கட்டியின் சாயல் இருப்பதால் இந்தப் பெயர். உச்சிக்குப் போகக் கம்பி வடத்தில் தொங்கிச் செல்லும் வண்டி இருக்கிறது. 1912-ம் வருஷம் அதன் முதற்பகுதி ஊர்கா குன்று வரையிலும், அடுத்த வருஷம் சிகரம் வரையிலும் திறக்கப்பட்டது. கீழே கடல் பளபளக்க, ஒரு கம்பியை நம்பி அந்தரத்தில் போகும்போது தைரியசாலிகளுங்கூடச் சற்றுநேரம் மௌனமாகிவிடுகிறார்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் ஏறுவது உத்தமம். சூரியன் மலைகளுக்குப் பின்னால் இறங்கி, வளைந்த கரை நெடுகிலும் தீபங்கள் ஏற்றப்படுவதை ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம்.

இன்னொரு சிகரம் கோர்கோவாதோ. கூனல் என்பது அச்சொல்லின் பொருள். அதன் உச்சியிலேதான் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு யேசுநாதர் நிற்கிறார். 1931-ம் வருஷம் அக்டோபர் 12-ந் தேதி திறக்கப்பட்ட இந்தச் சிலை 30 மீட்டர் உயரம். பீடம் வேறு 8 மீட்டர். பிரேஸில் தேசத்து எஞ்சினீயர் எய்தோர் ட சில்வா கோஸ்தா அமைத்தார். உருவத்தை வகுத்த சிற்பி பிரான்ஸ் தேசத்து பால் லாண்டோவ்ஸ்கி. உள்ளே இரும்பும் கான்கிரீட்டும். மேலே மாக்கல் சில்லுகளைப் போர்த்தியிருக்கிறார்கள். நம் சமையலறையில் கல்சட்டி செய்கிறார்களே, அதே ஜாதிக் கல். சிறு சிறு முக்கோணங்களாக வெட்டிய சில்லுகளை அந்த ஊர்ப் பெண்மணிகள் உட்கார்ந்து துணியிலே ஒட்டிக் கொடுத்தார்களாம். ஒட்டும்போது கல்லின் பின்புறத்தில் தங்களுக்கு வேண்டியவர்களின் பெயர்களை எழுதி வைத்தவர்களும் உண்டாம். உலகம் முழுதும் படமெடுத்துக்கொள்ளும் சிலையின் மேனிக்குள்ளே, எவரும் படிக்க முடியாதபடி, கணவர் பெயரும் குழந்தை பெயரும் இருக்கின்றன என்ற செய்திதான் சிலையின் உயரத்தைவிட நம் மனத்தைத் தொட்டது. இடிக்கும் மின்னலுக்கும் இது நிரந்தர இலக்கு. 2014 ஜனவரியில் விழுந்த மின்னல் வலக்கைக் கட்டைவிரலைச் சேதப்படுத்திவிட்டுப் போயிற்று. உச்சிக்குப் போகும் மலை ரயில் சிலைக்கு மூத்தது. 1884-ல் இரண்டாம் பெத்ரோ சக்கரவர்த்தி காலத்தில் ஓடத் தொடங்கியது.

சிலையைப் பார்க்க வருகிறவர்களில் அநேகர், ரயில் எந்தக் காட்டின் ஊடே ஏறுகிறது என்று விசாரிப்பதில்லை. நம்மைக் கேட்டால் ரியோவில் பார்க்க வேண்டிய முதல் அதிசயம் அந்தக் காடுதான். திஜூகா வனம் என்பது பெயர். அது மனிதர் கையால் நட்டு வளர்த்த காடு!

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காப்பிப் பயிருக்காக இந்த மலைச்சரிவுகளில் இருந்த மரங்களையெல்லாம் வெட்டிச் சாய்த்தார்கள். சில தலைமுறை லாபம் கிடைத்தது. பிறகு மண் கரைந்தது, சுனைகள் வற்றின, பட்டணத்துக்குக் குடிநீர் இல்லை என்ற நிலை வந்தது. அதன் பின்னரே ராஜாங்கத்தாருக்குப் புத்தி வந்தது. சரிவுகளிலிருந்த தோட்டங்களைச் சர்க்கார் திரும்ப வாங்கிற்று. 1861-ம் வருஷம் இரண்டாம் பெத்ரோ சக்கரவர்த்தி மீண்டும் காடு வளர்க்க உத்தரவிட்டார். மேஜர் மனுவேல் கோமெஸ் ஆர்ச்சர் என்பவர் பொறுப்பேற்று, பன்னிரண்டு வருஷங்களுக்கு மேல் பல்லாயிரம் கன்றுகளை நட்டார்.

'நட்டார்' என்று சரித்திரப் புத்தகங்களில் எழுதுகிறார்கள். குழி தோண்டி நீர் சுமந்தவர்கள் அடிமைகள். எலூத்தேரியோ, கான்ஸ்டான்டினோ, மனுவேல், மத்தேயுஸ், லியோபால்டோ, மரியா என்று ஆறு பேருடைய பெயர்கள் வழங்கி வருகின்றன. அடிமைத்தனம் பிரேஸிலில் சட்டப்படி ஒழிந்தது 1888-ல்தான். ஊருக்கே தண்ணீர் கொண்டுவந்தவர்கள் ஊருக்குச் சொந்தமான மனிதர்களாக இல்லை. அந்த மரங்களின் நிழலில் நடக்கும்போது மேஜரைவிட இந்த ஆறு பேரே நமக்கு அதிகமாக நினைவுக்கு வந்தார்கள்.

இந்தக் காட்டிலே பழகிய முகம் ஒன்றையும் கண்டோம்: நம் பலாமரம்! போர்த்துகேயர் மேற்குக் கரையிலிருந்து கொண்டுபோனது. மலையாளச் 'சக்க'யை அவர்கள் 'ஜாக்கா' ஆக்கிக்கொண்டார்கள். நம் மாங்காய்க்கும் அங்கே 'மாங்கா' என்றுதான் பெயர். பதிலுக்கு அவர்கள் நமக்குக் கொடுத்தவையும் குறைவல்ல. முந்திரி, அன்னாசி, மரவள்ளி எல்லாம் அந்தப் பிரதேசத்துச் சரக்குகள். 'அன்னாசி' என்பதே பிரேஸில் ஆதிக்குடிகளின் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆனால் பலாமரம் அங்கே வரம்பு மீறிப் பெருகி, அந்த மண்ணுக்குரிய மரங்களை நெருக்குகிறதென்று வன அதிகாரிகள் அதைக் கட்டுப்படுத்திக் கொண்டிருக்கிறார்கள். விருந்தாளி வீட்டுக்காரனாகிவிட்டால் வரும் தொல்லை!

கடற்கரைக்கு வருவோம். ஊரைப் பற்றிக் கேட்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான்.

கோபகபானா என்ற பெயரே கடன் வாங்கியது. பொலிவியா தேசத்தில் தித்திகாகா ஏரிக்கரையிலுள்ள மாதா கோயிலின் பெயர் அது. அந்த மாதாவுக்கு இங்கே எழுந்த ஒரு சிறு கோயிலால் கரைக்கும் அப்பெயர் வந்தது. 1892-ல் மலையைக் குடைந்து சுரங்கப் பாதை போடும் வரையில் இது பட்டணத்திலிருந்து ஒதுங்கிய வெறும் மணற்பரப்பு. 1923-ல் கோபகபானா பாலஸ் ஹோட்டல் திறக்கப்பட்டதும் தனவந்தர்கள் வந்தார்கள். பின்னர் மாடி வீடுகள் சுவர்போல எழுந்துவிட்டன. நான்கு கிலோமீட்டர் நீளம் பிறை நிலவாக வளைந்து கிடக்கிறது கரை. அதையொட்டிய நடைபாதையில் கறுப்பும் வெள்ளையுமான சிறு கற்களை அலை அலையாகப் பதித்திருக்கிறார்கள். லிஸ்பன் நகரத்து மைதானம் ஒன்றின் கோலம் இது. 1970-ஐ ஒட்டிக் கரையை அகலப்படுத்தியபோது புர்லே மார்க்ஸ் என்ற தோட்டக்கலை நிபுணர் அலைகளைப் பெரிதாக்கி, புதுக் கோலங்களையும் சேர்த்தார்.

அந்த ஊர்க்காரர்களுக்கு 'கரியோகா' என்று பெயர். அவர்கள் கடற்கரைக்கு வருவதற்கென்று எழுதப்படாத விதிகள் பல இருக்கின்றன. கனத்த துவாலை கொண்டுவருகிறவன் அயலூரான் என்று உடனே தெரிந்துவிடும்; அவர்கள் 'கங்கா' என்னும் மெல்லிய துணியை விரித்து அமர்வார்கள். சந்திக்கும் இடத்தைச் சொல்லும்போது உயிர்காப்போர் நிலையத்தின் எண்ணைச் சொல்வார்கள். லெமே கரையில் ஒன்றாம் எண்ணில் தொடங்கி லெப்லோனில் பன்னிரண்டு வரையில் போகிறது அந்த வரிசை. வயதுக்கும் தொழிலுக்கும் தக்கபடி ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீரில் இறங்குமுன் பக்கத்தில் இருக்கிற முன்பின் அறியாத குடும்பத்தாரிடம், "சற்றே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மூட்டையை ஒப்படைத்துவிட்டுப் போகிறார்கள். திருட்டுக்குப் பேர்போன ஊரில் இப்படி ஒரு வழக்கம்!

பசி எடுத்தால் எழுந்திருக்க வேண்டியதில்லை. எல்லாம் தேடி வரும். இளநீர், கரியடுப்பில் வாட்டிய பாலாடைக்கட்டி, பிறகு குளோபோ பிஸ்கோத்து. இந்தப் பிஸ்கோத்து வளையல் போன்றது. வாயில் போட்டால் காற்றாகக் கரைகிறது. மரவள்ளிக் கிழங்கின் மாவில் செய்வது. நம் சேலத்து ஜவ்வரிசிக்குத் தாயும் அந்தக் கிழங்கேயல்லவா? ஆகையால் நம் வீட்டாருக்கு அது வெகு சீக்கிரம் உறவாகிவிட்டது. இரண்டு தோள்களிலும் இரண்டு எவர்சில்வர் பீப்பாய்களை மாட்டிக்கொண்டு சுடுமணலில் நடக்கிறார்களே, அவர்கள் மாத்தே விற்கிறவர்கள். ஒரு பீப்பாயில் குளிர்ந்த மாத்தேத் தேநீர், மற்றொன்றில் எலுமிச்சைச் சாறு. பாதிக்குப் பாதி கலந்து வாங்குவது வழக்கம். இந்த வியாபாரிகளை 2012-ல் நகரத்தின் கலாசாரச் சொத்து என்றே அறிவித்திருக்கிறார்கள். பட்டம் கிடைத்ததால் பீப்பாயின் பாரம் குறைந்ததாகத் தெரியவில்லை.

குளிப்பதில் கவனம் வேண்டும். விரிகுடாவுக்குள்ளே சாக்கடை நீர் நெடுங்காலம் கலந்து வந்ததால் ஜனங்கள் வெளிச் சமுத்திரக் கரைகளையே நாடுகிறார்கள். 2016 ஒலிம்பிக் பந்தயங்களுக்குள் விரிகுடாவில் விழும் கழிவில் எண்பது சதவிகிதம் சுத்திகரிக்கப்படும் என்று கொடுத்த வாக்குறுதி நிறைவேறவில்லை. வெளிக்கரையிலோ அலை பலமானது. அடிநீரோட்டம் காலை வாரும். சிவப்புக் கொடி இருந்தால் இறங்கலாகாது. மற்றொரு எச்சரிக்கை: நகையும் கைக்கடிகாரமும் அறையிலேயே இருக்கட்டும்.

கரை சட்டப்படி எல்லோருக்கும் பொது. வேலி கிடையாது, கட்டணமும் கிடையாது. பணக்காரரும் ஏழையும் ஒரே மணலில் கிடக்கிறார்கள் என்று அந்த ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். பார்த்த மட்டில் அது உண்மையே. ஆனால் 2015-ம் வருஷத்தில் வடபகுதிப் பேட்டைகளிலிருந்து கடற்கரைக்கு வந்த பஸ்களைப் போலீஸார் வழிமறித்து, ஒரு குற்றமும் செய்யாத ஏழைச் சிறுவர்களைக் கீழே இறக்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். மணலில் கூட்டமாக ஓடி வழிப்பறி செய்பவர்களைத் தடுக்கவே இப்படிச் செய்ததாகச் சமாதானம் சொன்னார்கள். குற்றம் செய்கையில் பிடிபட்டாலொழியச் சிறுவர்களைப் பிடிக்கலாகாது என்று நீதிமன்றம் குறுக்கிட வேண்டியிருந்தது. கரைக்கு வேலியில்லாமல் இருந்தால் போதுமா? பஸ்ஸுக்கும் வேலியில்லாமல் இருக்க வேண்டும்.

ஆறாம் நாள் துறைமுகப் பக்கம் சென்றோம். அங்கே 2015-ல் திறக்கப்பட்ட 'நாளைய காட்சிசாலை' வெள்ளைச் சிறகு விரித்து நிற்கிறது. கூட்டம் அதை நோக்கியே போகிறது. சில நிமிஷ நடையில் இருக்கும் வலோங்கோ துறையில் நாம் போனபோது நாலைந்து பேருக்கு மேல் இல்லை. தரை மட்டத்துக்குக் கீழே வெறும் கல் பாவிய பள்ளம், அவ்வளவுதான். 1811-ல் அமைத்த இந்தத் துறையில் ஏறத்தாழ ஒன்பது லட்சம் ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாக வந்து இறங்கினார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1843-ல் இரண்டாம் பெத்ரோவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ராணியை வரவேற்பதற்காக இதன்மேல் புதுக் கல் பாவி, 'மகாராணித் துறை' என்று பெயரிட்டு மூடிவிட்டார்கள். 2011-ல் துறைமுகத்தைச் சீர்திருத்தத் தோண்டியபோது பழைய கல் வெளியே வந்தது. 2017-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அருகிலே ஒரு குடும்பத்தார் 1996-ல் தங்கள் வீட்டைப் பழுது பார்க்கத் தோண்டினால் மனித எலும்புகள்! கரையேறியவுடன் இறந்துபோன ஆப்பிரிக்கர்களைப் புதைத்த இடம் அது.

அந்தக் கற்களுக்குச் சற்றுத் தூரத்தில் 'உப்புப் பாறை' என்று ஒரு சரிவு. துறையில் மூட்டை சுமந்த கறுப்பர்கள் பாடியும் ஆடியும் வளர்த்த சாம்பா சங்கீதம் பிறந்த இடங்களில் ஒன்று என்று அதைக் கொண்டாடுகிறார்கள். திங்கட்கிழமை இரவுகளில் இன்னும் அங்கே கச்சேரி நடக்கிறது. மேடை கிடையாது, வித்வான்கள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார, ஜனங்கள் பாறைப் படிகளில் நெருங்கி நின்று கூடவே பாடுகிறார்கள்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகவே சொல்ல வேண்டும். பழைய நீர்ப்பாலத்தின் வளைவுகள்மீது ஓடும் மஞ்சள் டிராம் வண்டியில் குழந்தைகளோடு போகலாம். புஸ்தகப் பிரியர்கள் 1887-ல் கட்டி முடித்த போர்த்துகேய வாசகசாலையைத் தவற விடக் கூடாது. மூன்று அடுக்கு மர அலமாரிகளை அண்ணாந்து பார்த்தே நமக்குக் கழுத்து வலித்தது. நகரத்தின் நடுவே மகாத்மா காந்தி பெயரால் ஒரு சதுக்கமும் அவருடைய சிலையும் இருக்கின்றன.

வருஷக் கடைசி இரவு கோபகபானாவில் இருபது லட்சம் பேர் கூடுவார்கள் என்கிறார்கள். வெள்ளை உடுத்தி வருவது மரபு. ஆப்பிரிக்கர் வழியாக வந்த கடல் தெய்வமாகிய இயெமன்ஜாவுக்குப் பூவும் சிறு படகுகளும் விடுகிறார்கள். அலை பூவை உள்ளே இழுத்துக்கொண்டால் வேண்டுதல் ஏற்கப்பட்டது. கரைக்குத் திருப்பினால் இல்லை. நமக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி, திரும்பி வந்த வெள்ளை ரோஜாவை மூன்று தடவை மறுபடியும் அலையிலே போட்டாள். நாலாம் தடவை கடல் எடுத்துக்கொண்டது.

விடியும் முன்பே ஆரஞ்சு நிறச் சீருடை அணிந்த தொழிலாளிகள் மணலில் வரிசையாக இறங்கிவிட்டார்கள். அவர்களை அங்கே 'காரி' என்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெருக்களைச் சுத்தம் செய்யும் குத்தகை எடுத்திருந்த அலெய்ஷோ காரி என்பவருடைய பெயர் அது. பாட்டில்களையும் காகிதங்களையும் வாரிக்கொண்டு போனவர்கள், நனைந்து கிடந்த பூக்களை மாத்திரம் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டுப் போனதைப் பார்த்தோம். எட்டு மணிக்கெல்லாம் மாத்தே பீப்பாய்கள் வந்துவிட்டன.