வரைபடத்தில் இல்லாத வாறுகால்

ஆனியிலும் ஆடியிலும் குற்றாலத்தில் விழும் சாரலால் யார் வீட்டுக்கும் இடைஞ்சல் இல்லை. மலைக் கணவாய் வழியே காற்றோடு வந்து தூவிவிட்டு, விழுந்த இடத்திலேயே மண்ணுக்குள் இறங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை அப்படியல்ல, கொட்டினால் கொட்டியதுதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களை மூழ்கடித்ததும், அடுத்த ஆண்டு டிசம்பரில் குற்றாலம் பேரருவியைக் காட்டாறாக்கியதும் வடகிழக்குப் பருவமழைதான். தென்காசி, மேலகரம், இலஞ்சி என்று வயல்கள் மனைகளாகிவரும் இந்த வட்டாரத்தில், புது வீடு எழும்பும்போது பக்கத்து வீட்டாருக்கு வரும் கவலையும் அந்த மழையைப் பற்றியதே. அதை வெறும் பொறாமை என்று ஒதுக்குவது வழக்கம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது.

ஐந்து சென்ட் மனையில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 20,000 லிட்டர் தண்ணீர் விழுகிறது. மண் தரையாக இருந்தால் அதில் கணிசமான பங்கு முதலில் ஊறும், மிச்சம் மெதுவாக வடியும். கான்கிரீட் கூரையும் சிமெண்ட் தளமும் ஏறக்குறைய முழுவதையும் உடனே வெளியே தள்ளிவிடும். பழைய வீடுகளில் புறவாசல் என்று ஒன்று இருந்தது. அங்கே தென்னையும் வாழையும் குடித்தது போகத்தான் மிச்சம் முடுக்கு வழியே தெருவுக்கு வந்தது. இன்று வீட்டைச் சுற்றி விட்ட இடைவெளியையும் சிமெண்ட் போட்டு மெழுகி, அதன்மேல் பேவர் பிளாக் பதிக்கிறோம். அதற்கும் முன்பே மூன்றடி உயரத்துக்குக் கிராவல் கொட்டி மனையை உயர்த்தியாகிவிடுகிறது. உயர்த்துகிறவரை மட்டும் குறை சொல்ல முடியாது. பழைய தாரைச் சுரண்டாமலே மேலே மேலே சாலை போட்டுத் தெருவை உயர்த்தினால் அவரும் என்னதான் செய்வார்? ஆனால் அவர் ஏறிய மூன்றடி, ஏற்கெனவே குடியிருப்பவருக்கு மூன்றடிப் பள்ளம்.

வயலாக இருந்தபோது இந்த நிலத்துக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. வரப்பு மடை வழியே ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்கு, அங்கிருந்து குளத்துக்கு, குளம் பெருகினால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்கு என்று இறங்கிய தண்ணீர், கடைசியில் சிற்றாறோடு சீவலப்பேரி அருகே தாமிரபரணியைச் சேரும். மனைப்பிரிவு வரைபடத்தில் சாலையும் மனை எண்ணும் இருக்கின்றன, மடை இல்லை.

கட்டட விதிகள் இதைக் கவனிக்கின்றனவா? 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் எத்தனை சதுர அடி கட்டலாம், எவ்வளவு உயரம் போகலாம், எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதை விரிவாகச் சொல்கின்றன. அந்த இடைவெளி மண்ணாக இருக்கிறதா, சிமெண்டாக இருக்கிறதா என்பதில் அந்த அளவு அக்கறை இல்லை. 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று அடிப்படையில் ஆன்லைனில் உடனடி அனுமதி கிடைக்கிறது. அலைச்சலும் கையூட்டும் குறைய இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதிகாரி மனையை வந்து பார்க்காத நிலையில், பக்கத்து மனை பள்ளமாக இருப்பதை யார் சொல்வது?

‘என் பட்டா நிலம், என் இஷ்டம்’ என்பார்கள். மேட்டு நிலத்தில் விழுந்து இயல்பாக வழிந்துவரும் நீரைப் பள்ளத்து நிலத்துக்காரர் ஏற்க வேண்டும் என்று 1882ஆம் ஆண்டின் ஈஸ்மெண்ட் சட்டம் சொல்வது உண்மை. ‘இயல்பாக’ என்பதுதான் அதில் முக்கியமான சொல். கிராவல் அடித்து உண்டாக்கிய மேடும், கூரைத் தண்ணீரைக் குழாயில் சேர்த்து அடுத்தவர் சுவரோரம் விடுவதும் இயல்பில் சேராது. சென்ட் விற்கிற விலையில் இடத்தைச் சும்மா போட முடியுமா என்பது இரண்டாவது கேள்வி. வீட்டைச் சுருக்கச் சொல்லவில்லை. சட்டப்படி எப்படியும் விட்டாக வேண்டிய இடைவெளியை மெழுகாமல் விட்டால் போதும், செலவும் மிச்சம். அருவியையே திருப்பிச் செயற்கை அருவி அமைக்கும் சொகுசு விடுதிகள் மீது 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே நடவடிக்கைக்கு உத்தரவிட வேண்டியிருந்ததே, அவர்களை விட்டுவிட்டுச் சின்ன வீட்டுக்காரரிடம் வருவானேன் என்று கேட்டால், அதில் நியாயம் உண்டு. விடுதிகளைத் தடுக்க வேண்டியது அரசு. இரண்டு வீட்டுக்கு நடுவில் தேங்கும் தண்ணீருக்கு அரசு வரும்வரை காத்திருக்க முடியாது. வாறுகால் கட்ட வேண்டியது உள்ளாட்சிதான். ஆனால் எல்லா வீட்டு மழையும் ஒரே அரைமணியில் வந்து விழுந்தால் எந்த வாறுகாலும் தாங்காது.

அனுமதி விண்ணப்பத்தில் இரண்டு வரி கூட்டினால் போதும்: சுற்றியுள்ள மனைகளின் மட்டம் என்ன, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும். அந்த வரிகள் வரும்வரை, கடைக்கால் தோண்டுவதற்கு முன் கொத்தனாரை டியூப் மட்டம் பிடிக்கச் சொல்லுங்கள். அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.