சிறுநீரகக் கல்லும் பாக்டீரியாவும்

சிறுநீரகக் கல் என்றதும் தண்ணீர் குறைவாகக் குடித்ததையே காரணமாகச் சொல்கிறோம். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை அன்று. பாக்டீரியாவுக்கும் இதில் பங்குண்டு.

சிறுநீர்ப் பாதையில் தொற்றும் புரோட்டியஸ் போன்ற பாக்டீரியாக்கள், யூரியேஸ் என்னும் நொதியால் யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்குகின்றன. சிறுநீரின் காரத்தன்மை கூட, மெக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட் கல்லாகப் படிகிறது. கிருமி கல்லுக்குள்ளேயே பதுங்குவதால், கல்லை முழுவதும் அகற்றாமல் மருந்து மட்டும் தருவது பெரும்பாலும் போதாது.

குடலில் வாழும் ஆக்சலோபாக்டர் இதற்கு நேர்மாறு. அது உணவிலுள்ள ஆக்சலேட்டை உண்டு வாழ்கிறது. கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை. ஆன்டிபயாடிக் மருந்துகள் இந்த நல்ல பாக்டீரியாவையும் அழிக்கக்கூடும். பிரிட்டன் நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வு, ஐந்து வகை ஆன்டிபயாடிக்குகளை உட்கொண்டோரிடம் சிறுநீரகக் கல் கூடுதலாகக் காணப்பட்டதைக் காட்டியது.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு பொருளுக்கு நாம் கொடுக்கும் விலை வேறு, அதற்காக நாம் இழப்பது வேறு. மருந்துச் சீட்டின்றி வாங்கும் மாத்திரையின் இழப்பு, கடை ரசீதில் தெரிவதில்லை.

தொற்று உறுதியானால் ஆன்டிபயாடிக் அவசியம், அதைத் தவிர்க்கலாகாது. அதை உறுதிசெய்யச் சிறுநீர்ப் பரிசோதனையையும், அகற்றிய கல்லின் வகையறியப் பகுப்பாய்வையும் மருத்துவரிடம் கேட்டுப் பெறுவதே நமக்கு நல்லது.