அப்பா காதுக்கு ஒரு ‘என் சரித்திரம்’

ஆடியோபுக் பத்தி ஒரு எபிசோடு போடுங்கன்னு ரொம்ப நாளா கேட்டுட்டு இருந்தீங்க. முதல்லயே சொல்லிடறேன், இது டாப் டென் லிஸ்ட் கிடையாது. பயணம், கலை, தன்வரலாறு – இந்த மூணு வகைப் புத்தகத்தைக் கண்ணால படிக்காம காதால கேட்டா என்ன ஆகுதுங்கறதுல எனக்குச் சில கருத்து இருக்கு. அதுல பாதி என்னோடது. மீதி எங்க அப்பாவோடது.

அப்பா அரியலூர்ல இருக்கார். ரிட்டயர் ஆகிட்டார். இருபது வருஷ சர்க்கரை நோய் அவரோட விழித்திரையைப் பதம் பார்த்துடுச்சு. லேசர் வெச்சாச்சு, ஊசி போட்டாச்சு. ஆள் நடமாட்டம் தெரியுது, பேருந்து வந்தா தெரியுது, ஆனா எழுத்து தெரியல. தினம் மூணு பேப்பர் படிச்ச மனுஷன். நான் மாசத்துக்கு ரெண்டு தடவை சென்னையிலிருந்து பல்லவன்ல ஏறி ஊருக்குப் போவேன். ஒரு தடவை போனப்ப அவர் பழைய பேப்பரை மடியில விரிச்சு வெச்சுட்டு சும்மா உக்காந்திருந்தார். அன்னைக்குத்தான் அவர் போன்ல ஆடியோபுக் ஏத்தினேன்.

முதல்ல ‘பொன்னியின் செல்வன்’. பாம்பே கண்ணன் குழு நாடகம் மாதிரி பல குரல்ல செஞ்சது. அப்பா ரசிச்சுக் கேட்டார், முடிச்சார். அடுத்து என்னன்னு கேட்டப்ப, “உ.வே.சா.வோட ‘என் சரித்திரம்’ இருந்தா போடும்மா. அதுல நம்ம ஊரு வருது”ன்னார்.

நம்மள்ல நிறைய பேருக்கு உ.வே.சாமிநாதையர்னா ஓலைச்சுவடி, கும்பகோணம், சென்னை, அவ்வளவுதான். அவர் பிறந்தது 1855-ல, சூரியமூலையில. ஆனா சின்ன வயசுல பெரும்பகுதி நம்ம பக்கத்துலதான் கழிஞ்சது. அவர் அப்பா வேங்கடசுப்பையர் சங்கீதக்காரர், ராமாயணம் சொல்றவர். எந்த ஊர் ஆதரிக்குதோ அந்த ஊருக்குக் குடும்பம் நகரும். பையனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க எங்க ஆள் இருக்கோ அங்கேயும் நகரும். அரியலூர்ல சடகோபையங்கார். அப்புறம் குன்னம், இன்னைக்குப் பெரம்பலூர் மாவட்டத்துல ஒரு தாலுகா தலைநகர். அப்புறம் செங்கணம். இப்ப பெரம்பலூர் பக்கத்துல செங்குணம்னு சொல்றோமே, அதேதான். அங்க விருத்தாசல ரெட்டியார்கிட்ட ‘யாப்பருங்கலக்காரிகை’ பாடம் கேட்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்ட மாயூரம் போய்ச் சேர்றதெல்லாம் அதுக்கப்புறம். அவர் ‘அரியிலூர்’னு எழுதுவார். அப்பாவுக்கு அந்த ஒரு ‘யி’ மேல ஏக பிரியம்.

புத்தகம் இணையத்துல எழுத்தா கிடைக்குது. அதைப் போன்ல இருக்கற இயந்திரக் குரல்ல ஓட விட்டேன். பத்தே நிமிஷத்துல அப்பா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

பிரச்சினை ‘கனம் கிருஷ்ணையர்’ங்கற பேர்ல ஆரம்பிச்சது. உ.வே.சா.வோட உறவினர், உடையார்பாளையம் சமஸ்தான வித்துவான், பதங்கள் இயற்றினவர். அவர்கிட்டதான் வேங்கடசுப்பையர் குருகுலமா இருந்து பாட்டு கத்துக்கிட்டார். அந்தக் ‘கனம்’ எடைங்கற கனம் இல்ல. கன மார்க்கம்னு ஒரு பாடுமுறை. அடிவயித்துலேருந்து மூச்சை அழுத்திப் பாடறது. வடமொழிச் சொல், முதல் ‘க’வை அழுத்திச் சொல்லணும். இயந்திரம் அதை ‘கனமான பை’ மாதிரி படிச்சுட்டுப் போச்சு. தமிழ் எழுத்துல ஒரே ‘க’தானே, அது என்ன பண்ணும்? ‘பாவத்தோட பாடினார்’னு எழுதியிருந்தா, அது உணர்ச்சியா, பண்ண பாவமான்னு முன்பின் வரியை வெச்சுத்தான் நமக்கே தெரியும். இயந்திரக் குரல் எல்லாரையும் பாவியாக்கிடும்.

இடம் பிரிக்கறது அடுத்த சிக்கல். பழைய உரைநடையில சொல்லெல்லாம் சேர்ந்து சேர்ந்து வரும். எங்க மூச்சு விடணும்னு தெரியாம அந்தக் குரல் தப்பான இடத்துல வெட்டும். செய்யுள் வந்தா இன்னும் மோசம். வங்கி மெசேஜ் மாதிரி படிக்கும்.

அப்பா ஒண்ணு சொன்னார், அதுதான் என்னை யோசிக்க வெச்சது. “இவரு ஓலைச்சுவடியோட பட்ட பாட்டைத்தான் இந்த மெஷினும் படுது.” உண்மைதான். சுவடியில மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரம் ஏகாரம் வித்தியாசம் தெரியாது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. 1880-ல கும்பகோணத்துல சேலம் இராமசாமி முதலியார் கேட்ட கேள்விகளாலதான் ‘சீவக சிந்தாமணி’ பக்கம் திரும்பினார். புத்தகம் அச்சாக 1887 ஆச்சு. அத்தனை வருஷ வேலையில முக்கியமான ஒரு பங்கு, ஒரு வரியை எங்க நிறுத்திப் படிக்கறதுன்னு கண்டுபிடிக்கறது. அதைத்தான் நல்ல வாசிப்புக் குரல் ஒவ்வொரு வாக்கியத்துலயும் நமக்காகப் பண்ணுது. ஆடியோபுக்ல குரல் இனிமையா இருக்கான்னு நான் இப்பெல்லாம் பாக்கறதில்ல. படிக்கறவர் அர்த்தம் புரிஞ்சு நிறுத்தறாரான்னுதான் பாக்கறேன்.

இன்னொரு விஷயம். இந்தப் புத்தகம் 1940-லேருந்து 1942 வரைக்கும் ஆனந்த விகடன்ல தொடரா வந்தது. எழுத ஆரம்பிச்சப்ப அவருக்கு 85 வயசு ஆகப்போகுது. 1942 ஏப்ரல்ல இறந்துட்டார். தொடர் பாதியில நின்னுடுச்சு. 122 அத்தியாயம். ஒவ்வொண்ணும் ஒரு வாரத்துக்குத் தாங்கற மாதிரி கச்சிதமா முடியும். இன்னைக்கு நாம எபிசோடுன்னு சொல்றோமே, கிட்டத்தட்ட அதே வடிவம். இதுக்குப் பல குரல் நாடகம் வேண்டாம், பின்னணி இசையும் வேண்டாம். தன்வரலாறுன்னா ஒரே குரல்தான். ஒருத்தர் திண்ணையில உக்காந்து சொல்ற மாதிரி.

பயண நூல் பத்தி என் கருத்து சுருக்கம்: வேகத்தை ஒண்ணரை மடங்கு கூட்டிக் கேக்காதீங்க. நானும் அப்படிக் கேட்டவதான். செங்குணம் பாக்கலாம்னு அரியலூர்லேருந்து பெரம்பலூருக்கு பஸ் ஏறினேன். பெரம்பலூருக்கு இன்னும் ரயில் கிடையாது, அந்த வருத்தம் தனி எபிசோடு. பக்கத்துல சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏத்தின லாரிகள். காதுல, வண்டியிலயும் நடந்தும் ஊர் ஊரா மாறற குடும்பம். ஒண்ணரை மடங்குல அந்தக் குடும்பம் வருஷக்கணக்குல இருந்த ஊரெல்லாம் பஸ் ஸ்டாப் மாதிரி கடந்து போச்சு. வேகத்தை இயல்புக்குக் கொண்டு வந்தப்பத்தான், ஒரு பையனுக்கு ஒரு இலக்கணப் புத்தகம் சொல்லித்தர ஆள் தேடி ஊரையே மாத்தியிருக்காங்கங்கறது உறைச்சது.

கலை பத்தின ஆடியோபுக்தான் என்னை அதிகம் ஏமாத்தினது. சிற்பம், ஓவியம் பத்தி நான் கேட்டதுல பலது, பாக்கற கண்ணு நமக்கு இருக்குன்னு நம்பி எழுதினது. ‘உன்னதம்’, ‘உயிர்த்துடிப்பு’ன்னு சொல்லிட்டே போவாங்க. கை எங்க இருக்குன்னு சொல்ல மாட்டாங்க.

இது எனக்குப் புரிஞ்சது கங்கைகொண்ட சோழபுரத்துல. போன தை மாசம் அப்பாவைக் கூட்டிட்டு ஜெயங்கொண்டம் வழியாப் போனேன். முதலாம் ராஜேந்திரன் கட்டின கோயில். வடக்கு வாசல் படிக்கட்டுப் பக்கம் சண்டேச அனுக்கிரக மூர்த்தி இருக்கு. அப்பா வாலிப வயசுல சைக்கிள்ல வந்து பார்த்தது. இப்ப அவருக்கு அது சாம்பல் நிறத்துல ஒரு மேடு. தொட்டுப் பாக்கவும் கூடாது. “சொல்லும்மா”ன்னார்.

“ரொம்ப அழகா இருக்குப்பா”ன்னேன்.

“அது எனக்கே தெரியும். என்ன இருக்குன்னு சொல்லு.”

சிவன் உக்காந்திருக்கார், ஒரு காலைத் தொங்கவிட்டிருக்கார், பக்கத்துல பார்வதின்னேன். இடது பக்கமான்னு கேட்டார். யாரோட இடது, சிவனோட இடதா நம்மோடதான்னு எனக்கே குழம்பிடுச்சு. மறுபடி முதல்லேருந்து. கீழே சண்டேசர், ரெண்டு கையும் கூப்பி, தலை குனிஞ்சிருக்கு. சிவன் குனிஞ்சு அவர் தலையில மாலையைச் சுத்தறார். “எத்தனை கையால?” ரெண்டு கையாலப்பா. மீதி ரெண்டு கை மேல இருக்கு. “முகம்?” அதுக்குத்தான் ரொம்ப நேரம் ஆச்சு. குழந்தைக்குத் தலை சீவி விடறப்ப அம்மா முகம் இருக்குமே, வேலையிலயும் கவனம், குழந்தை மேலயும் கவனம், அப்படின்னு சொன்னேன். அப்பா ஒண்ணும் பேசல. கொஞ்ச நேரம் கழிச்சு, “ஆமா, அப்படித்தான் இருந்துச்சு”ன்னார்.

நான் பலமுறை போன கோயில். அந்த நாலு கையையும் எண்ணினது அன்னைக்குத்தான். கலை பத்தி ஆடியோ எழுதறவங்க ஒரு தடவையாவது கண் தெரியாத ஒருத்தருக்கு எதிர்ல நின்னு சொல்லிப் பாத்துட்டு எழுதினா நல்லா இருக்கும்.

அதுக்கப்புறம் நானே ‘என் சரித்திர’த்தைப் படிச்சுப் பதிவு பண்ண ஆரம்பிச்சேன். நம்ம ஷோவுக்கு இல்ல, அப்பா போனுக்கு. சென்னையில இதே மைக்ல, ராத்திரி பக்கத்து வீட்டு டிவி அடங்கினப்புறம். ஒரு அத்தியாயத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகுது. பாதி நேரம் ஒத்திகை. செய்யுளுக்கு ராகம் எனக்கு வராது. அந்த இடம் வந்தா சீர் பிரிச்சு மெதுவாப் படிச்சுட்டு, கொஞ்சம் இடம் விட்டுடுவேன். ஊர்ல அப்பா அந்த இடத்துல போனை நிறுத்திட்டு அவரே பாடிக்கறாராம். அம்மா போன்ல சொன்னாங்க, காலையில அஞ்சு மணிக்கே ஆரம்பிச்சுடறாராம்.

இதுவரை 31 அத்தியாயம் அனுப்பியிருக்கேன். நேத்து ராத்திரி போன் பண்ணி, ஒரு இடத்துல ‘கனம்’ மறுபடியும் எடைக் கனமா விழுந்திருக்கு, அந்த அத்தியாயத்தைத் திரும்பப் படிச்சு அனுப்புன்னார். இந்த ரெக்கார்டிங் முடிச்சதும் அதுதான் வேலை.