முன்நெற்றி ஏறும் வயதில்

படிப்புக்கும் வேலைக்கும் வெளியூர் போன பையன்கள் முதல் விடுமுறையில் வீட்டுக்கு வந்ததும் சொல்லும் புகார்களில் ஒன்று, "அங்க தண்ணி ஒத்துக்கலம்மா, முடி கொட்டுது" என்பது. ஹாஸ்டலின் போர்வெல் தண்ணீர், பைக்கில் போடும் ஹெல்மெட், புதிதாக மாற்றிய ஷாம்பு என்று ஒவ்வொன்றாகப் பழி மாறும். உப்புத் தண்ணீரில் குளித்தால் முடி வறளும், நுனி உடையும் என்பது உண்மை. ஆனால் நெற்றியின் இரு ஓரமும் மேலேறுவதற்கும் உச்சியில் சொட்டை விழுவதற்கும் தண்ணீர் காரணமில்லை. பரம்பரையாக வரும் ஆண் வழுக்கை பலருக்கு இருபதுகளில் தொடங்குகிறது. வீட்டைவிட்டுக் கிளம்பும் வயதும் அதுதான். இரண்டும் ஒரே சமயத்தில் நேர்வதால் தண்ணீர்மேல் சந்தேகம் வருகிறது. ஹெல்மெட் விஷயமும் இதேதான். முடிக்குப் பயந்து ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு யாரும் வண்டி ஓட்ட வேண்டாம்.

காரணம் தெரியாமல் போவதால் வரும் நஷ்டம் பெரியது. ஷாம்பு மாற்றி, எண்ணெய் மாற்றி இரண்டு மூன்று வருடம் ஓடிவிடுகிறது. யாரிடமும் கேட்கக் கூச்சம். ராத்திரியில் செல்போனில் தேடி, விளம்பரத்தில் வந்ததை வாங்கித் தடவுகிறார்கள். ஆனால் பலன் தரக்கூடிய மருந்துகள் ஆரம்பக் கட்டத்தில்தான் நன்றாக வேலை செய்கின்றன. முடி கொட்டுவதை ஒரு வெட்கக்கேடாக நினைத்து மறைப்பதுதான் ஆண்களுக்கு இதில் நேரும் முதல் தீங்கு என்று நான் நினைக்கிறேன்.

உள்ளே நடப்பது

நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 2 முதல் 6 வருடம் வளர்ந்து, சுமார் மூன்று மாதம் ஓய்வெடுத்து, பிறகு உதிரும். அதே மயிர்க்காலில் புது முடி முளைக்கும். ஆகவே ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. சீப்பில் நாலு முடியைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

ஆண் வழுக்கையில் நடப்பது வேறு. டெஸ்டோஸ்டீரோன் ஹார்மோனை ஒரு நொதி டிஹெச்டி என்ற இன்னொரு ஹார்மோனாக மாற்றுகிறது. முன்தலையிலும் உச்சியிலும் உள்ள சில மயிர்க்கால்கள் இந்த டிஹெச்டியைத் தாங்காதபடி பிறவியிலேயே அமைந்திருக்கின்றன. அவை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகின்றன. தடித்த முடி மெலிந்து, பூனைமுடி போலாகி, கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. பின்மண்டையில் உள்ளவற்றுக்கு இந்தப் பலவீனம் இல்லை. அதனால்தான் முழு வழுக்கை விழுந்தவருக்கும் காதுக்கு மேலும் பிடரியிலும் முடி நிற்கிறது.

ஹார்மோனின் பங்கைத் தெளிவாகக் காட்டியவர் அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாமில்டன். பருவமடையும் முன்பே விரைகளை இழந்த ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று 1942-ல் அவர் பதிவு செய்தார். இதை வைத்து, வழுக்கை விழுந்தவருக்கு ஆண்மை அதிகம் என்று ஒரு நம்பிக்கை கிளம்பியது. ஆண்மை குறைவு என்று நினைப்பவர்களும் உண்டு. இரண்டும் தவறு. வழுக்கை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஹார்மோன் அளவு பெரும்பாலும் ஒன்றுதான். மயிர்க்காலின் தாங்கும் திறனில்தான் வித்தியாசம்.

"தாய்மாமன் தலையைப் பார், உன் தலை தெரிந்துவிடும்" என்பார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆண் ஹார்மோனை ஏற்கும் புரதத்துக்கான மரபணு, தாயிடமிருந்து வரும் எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. ஆனால் வழுக்கையில் பங்குள்ள மரபணுக்கள் ஏராளம். அப்பா வழியிலும் வரும்.

எல்லா உதிர்வும் வழுக்கை அல்ல

டெங்கு, டைபாய்டு, கோவிட் போன்ற கடும் காய்ச்சலுக்கோ ஓர் அறுவைசிகிச்சைக்கோ பிறகு, இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி கொட்டும். காய்ச்சல் போய் நாளாகிவிட்டதால் பலர் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. உடல் அதிர்ச்சியில் நிறைய முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுவதால் இப்படி நடக்கிறது. பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாகவே சரியாகிவிடும். எடை குறைக்கச் சோற்றையும் பருப்பையும் ஒரேயடியாக நிறுத்துபவர்களுக்கும் இதே கதி. ஜிம்மில் உடம்பு ஏற்றுவதற்காக ஸ்டீராய்டு ஊசி போடுபவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று: அது, பரம்பரையில் வழுக்கை உள்ளவருக்கு அதை முன்கூட்டியே இழுத்து வந்துவிடும். இதயத்துக்குச் செய்யும் கெடுதல் தனி.

தலையிலோ தாடியிலோ மீசையிலோ காசு அளவுக்கு வழவழப்பாக முடி போவதைப் புழுவெட்டு என்கிறோம். புழுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே மயிர்க்காலைத் தவறுதலாகத் தாக்குகிறது. சிறு வட்டங்கள் பலருக்குச் சில மாதங்களில் தானாக மூடிக்கொள்ளும். பரவினால் அந்த இடத்தில் ஊசி போடுவார்கள். தலை முழுக்கக் கொட்டிவிடும் கடுமையான வகைக்கு பாரிசிடினிப் என்ற மாத்திரையை அமெரிக்கா 2022-ல் அனுமதித்தது. புழுவெட்டு தொற்றாது. ஆகவே பாதிக்கப்பட்டவரின் சீப்பையும் துண்டையும் தனியாக ஒதுக்கி அவரைப் புண்படுத்தாதீர்கள்.

அரிப்பு, செதில், சீழ், வலி, தோல் தழும்பாகி மினுமினுப்பது ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் காத்திருக்கக் கூடாது. தழும்பான இடத்தில் முடி திரும்ப முளைப்பது அரிது.

தெரிந்துகொண்டு தொடங்குங்கள்

ஆண் வழுக்கைக்கு உறுதியான சான்றுள்ள மருந்துகள் முக்கியமாக இரண்டு.

மினாக்சிடில் முதலில் ரத்தக்கொதிப்புக்கான மாத்திரையாக வந்தது. அதைச் சாப்பிட்டவர்களுக்கு உடம்பெங்கும் முடி வளர்ந்ததைப் பார்த்துத் தலையில் தடவும் மருந்தாக மாற்றினார்கள்; 1988-ல் அமெரிக்கா அதை அனுமதித்தது. தடவ ஆரம்பித்த முதல் சில வாரங்களில் முடி கூடுதலாகக் கொட்டும். பழைய முடி புதியதற்கு வழிவிடுவதுதான் அது. பயந்து நிறுத்திவிடுபவர்கள் அதிகம். பலன் தெரிய 4 முதல் 6 மாதம் ஆகும். நிறுத்தினால் கிடைத்த பலனும் போய்விடும். இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

ஃபினாஸ்டரைடு மாத்திரை டிஹெச்டி உருவாவதைக் குறைக்கிறது. புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராமாக வந்த மருந்து, 1997-ல் 1 மில்லிகிராம் அளவில் வழுக்கைக்கு அனுமதி பெற்றது. பலருக்கு உதிர்வை நிறுத்துகிறது. ஒரு சிறு பகுதியினருக்குப் பாலுறவு நாட்டம் குறையலாம், விறைப்பில் சிக்கல் வரலாம், மனச்சோர்வும் வரலாம். தற்கொலை எண்ணத்தையும் இதன் பக்கவிளைவாக ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-ல் உறுதி செய்தது. ஆகவே நண்பன் சொன்னான் என்று மருந்துக்கடையில் வாங்கிப் போடும் மாத்திரை அல்ல இது. மனம் இருண்டுபோவதாகத் தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் கையால் தொடக்கூடாது. புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை செய்துகொள்பவர் இதைச் சாப்பிடுவதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அளவு பாதியாகக் குறைந்து காட்டும்.

பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை இன்று எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. பயோட்டின் குறைபாடே அபூர்வம். குறைபாடு இல்லாதவருக்கு அதனால் முடி வளரும் என்பதற்குச் சரியான சான்றில்லை. மாறாக, தைராய்டு பரிசோதனையையும் மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனின் பரிசோதனையையும் அது தவறாகக் காட்டவைக்கும். சின்ன வெங்காயச் சாறு, விளக்கெண்ணெய், வேப்பிலை எல்லாம் தலைக்குத் தேய்க்கலாம். ஆனால் ஆண் வழுக்கையை அவை நிறுத்தாது. மொட்டை போட்டால் அடர்த்தியாக முளைக்கும் என்பதும் தோற்றம் மட்டுமே. மழித்தபின் முடியின் நுனி மழுங்கலாக வருவதால் தடிப்பாகத் தெரிகிறது.

"வழுக்கையை முற்றிலும் குணமாக்கும் மருந்து" என்று விளம்பரம் வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். இந்திய மருந்துச் சட்ட விதிகளில் ஜே அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. எந்த நோய்களைக் குணமாக்குவதாக மருந்து உரிமை கொண்டாடக்கூடாது என்பதன் பட்டியல் அது. அதில் வழுக்கை இருக்கிறது; முடியின் நிறத்தை மாற்றுவதும் புது முடி முளைக்கவைப்பதும் இருக்கின்றன.

முடி நடும் சிகிச்சை, பின்மண்டை மயிர்க்கால்களை முன்னால் கொண்டுவந்து வைப்பது. இடம் மாறினாலும் அவை தங்கள் தாங்கும் தன்மையை இழப்பதில்லை என்று நியூயார்க் மருத்துவர் நார்மன் ஒரென்ட்ரைக் 1959-ல் வெளியிட்ட கண்டறிதல்தான் இதன் அடித்தளம். நன்றாகச் செய்தால் நல்ல சிகிச்சை. ஆனால் 21 வயதில் அவசரப்பட்டு நட்டால், அதைச் சுற்றி இருக்கும் முடி பின்னர் உதிர்ந்து நடுவில் தீவாக நிற்கும். மேலும் இது அறுவைசிகிச்சை. 2016-ல் சென்னையில் மருத்துவ மாணவர் ஒருவரே முடி நட்டுக்கொள்ளப் போய் உயிரிழந்தார். தகுதி பெற்ற மருத்துவர்களே இதைச் செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவுறுத்தியது. தள்ளுபடியைக் கேட்பதற்கு முன், கத்தி வைக்கப்போவது யார், மயக்க மருந்தில் சிக்கல் வந்தால் அங்கே என்ன வசதி இருக்கிறது என்று கேளுங்கள்.

நரை

மயிர்க்காலில் மெலனின் நிறமியைத் தரும் செல்கள் தீர்ந்துபோகும்போது முடி வெளுக்கிறது. ஆசியர்களுக்கு 25 வயதுக்கு முன் நரைப்பதை இளநரை என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலும் பரம்பரை. பி12 குறைபாடு, தைராய்டு கோளாறு, புகைப்பழக்கம் ஆகியவற்றுக்கும் தொடர்பு உண்டு. சைவ உணவு மட்டுமே சாப்பிடுபவர்கள் பி12 அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. இந்தக் குறைகளைச் சரிசெய்தால் சிலருக்கு ஓரளவு நிறம் திரும்புகிறது. ஒரு நரையைப் பிடுங்கினால் பத்து முளைக்கும் என்பது பொய். ஆனாலும் பிடுங்கிப் பிடுங்கி மயிர்க்காலைக் கெடுக்காதீர்கள்.

கவலையால் நரைக்குமா? இவ்வளவு வயதாகியும் நரைக்கவில்லையே என்று கேட்டவர்களுக்கு, நல்ல குடும்பம், சொன்னதைக் கேட்கும் ஏவலர், முறை தவறாத அரசன், ஊரில் சான்றோர் என்று காரணம் அடுக்கினார் சங்கப் புலவர் பிசிராந்தையார். புறநானூற்றின் 191-ஆம் பாட்டு அது. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2020-ல் எலிகளிடம் கண்டது அவர் சொன்னதற்கு அருகில் வருகிறது: கடும் நெருக்கடியில் நரம்புகள் சுரக்கும் ரசாயனம் நிறமி தரும் மூலச்செல்களைத் தீர்த்துவிடுகிறது. 2021-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர், விடுமுறைக்குப் போன ஒருவரின் சில நரைமுடிகள் மீண்டும் கறுத்ததைப் பதிவு செய்தார்கள். நரைக்கத் தொடங்கும் விளிம்பில் உள்ள முடிக்கு மட்டுமே இது நடக்கலாம். முழுதாக நரைத்த தலையைக் கறுப்பாக்கும் எண்ணெய் கிடையாது.

டை அடிப்பது அவரவர் விருப்பம். கறுப்புச் சாயங்களில் பெரும்பாலும் பாரா ஃபினிலீன் டையமின் என்ற ரசாயனம் இருக்கிறது. சிலருக்கு அது கடும் ஒவ்வாமை தரும்; தலை அரித்து, இமை வீங்கி, முகமே உப்பிவிடும். மூலிகை என்றும் மருதாணி என்றும் விற்கும் சில பாக்கெட்டுகளிலும் அது கலந்திருக்கிறது. காதுக்குப் பின்னால் சிறிது தடவி 48 மணி நேரம் பார்த்துவிட்டே பயன்படுத்துங்கள். ஒருமுறை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு பெயரில் வரும் அதே சாயத்தையும் தொடாதீர்கள். சுத்தமான மருதாணியும் அவுரியும் இவர்களுக்கு மாற்று.

கேலிக்கு முற்றுப்புள்ளி வேண்டும்

சொட்டை, மொட்டை என்று கூப்பிடுவதை நம் ஊரில் யாரும் தப்பாக நினைப்பதில்லை. சினிமா நகைச்சுவை பல ஆண்டுகள் இதை வளர்த்தது. கேட்பவன் கூடச் சேர்ந்து சிரிப்பான். வீட்டுக்குப் போய்க் கண்ணாடியைத் தவிர்ப்பான். குரூப் போட்டோவில் பின்வரிசைக்குப் போவான், கல்யாணத்துக்குத் தொப்பியோடு போக முடியாதென்று கல்யாணத்துக்கே போகமாட்டான். பெண் பார்க்கும் படலத்தில் "மாப்பிள்ளைக்கு முடி கம்மி" என்று காதுபடச் சொல்லப்படுவது இன்னும் கொடுமை. கன்னட நடிகரும் இயக்குநருமான ராஜ் பி. ஷெட்டி 2017-ல் எடுத்த ஒந்து மொட்டெய கதெ படம் இந்த வலியையே கதையாக்கியது.

ரஜினிகாந்த் திரைக்கு வெளியே விக் இல்லாமல், டை இல்லாமல் பல ஆண்டுகளாக மேடை ஏறுகிறார். 2011-ல் மங்காத்தாவில் அஜித் நரைத்த தலையோடே நாயகனாக நடித்தார். இவை பல ஆண்களுக்குத் தெம்பு தந்தன என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் நடிகரின் துணிச்சலை ஒரு 24 வயதுப் பையனிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. அவனுக்கு வேண்டியது அம்மாவும் அக்காவும் நண்பர்களும் அந்தப் பேச்சை நிறுத்துவது.

மருந்து எடுப்பதும் எடுக்காமலிருப்பதும், நட்டுக்கொள்வதும், ஒட்ட வெட்டிக்கொள்வதும் எல்லாமே சரியான முடிவுகள்தான். மிச்ச முடியை நீளமாக வளர்த்து வழுக்கையின்மேல் படிய வாருவதைவிட ஒட்ட வெட்டினால் பலருக்கு நன்றாக இருக்கும்; சலூன்காரரிடம் கேட்டுப் பாருங்கள். வெயிலில் போகும்போது மட்டும் தொப்பியோ துண்டோ சன்ஸ்கிரீனோ தேவை. முடியில்லாத உச்சித்தோல் சீக்கிரம் கருகும்.

முடியைப் பற்றிய நினைப்பே நாள் முழுக்க ஓடி, தூக்கமும் வேலையும் கெட்டால் அது மனநல உதவி தேவைப்படும் நிலை. டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல்நோய்ப் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. சிகிச்சை வேண்டாம் என்று முடிவெடுத்தவரும் ஒருமுறை அங்கே போய், இது எந்த வகை உதிர்வு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆன்லைனில் எதையும் வாங்குவதற்கு முன்பு போங்கள்.