மெத்தில்ஃபெனிடேட் மருந்தும் மூலிகைத் தேநீரும்

ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் குறைபாட்டிற்கு மருத்துவர்கள் பரிந்துரைக்கும் மெத்தில்ஃபெனிடேட், இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தக்கூடிய ஊக்கி மருந்தாகும். இருமலுக்கு வீடுகளில் தயாரிக்கப்படும் அதிமதுரத் தேநீரைத் தொடர்ந்து அருந்தினால், உடலில் உப்பு தேங்கிப் பொட்டாசியம் குறையும். அவ்வழியே இரத்த அழுத்தம் மேலும் உயரலாம், இதயத் துடிப்பின் சீரும் குலையலாம். இனிப்பான பானம் என்பதால் குழந்தைகள் விரும்பிக் கேட்பதும் உண்டு.

‘மூலிகை’ என்று விற்கப்படும் சில தேநீர்ப் பொடிகளில் பச்சைத் தேயிலையோ குவாரனாவோ கலந்திருக்கும். அவற்றிலுள்ள காஃபீனால் படபடப்பும் உறக்கமின்மையும் மிகும். எனவே உறையில் அச்சிட்டுள்ள சேர்மானங்களைப் படித்து, அவ்வுறையை மருத்துவரிடம் காட்டவும். மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம். நெஞ்சுவலி, மயக்கம், சீரற்ற துடிப்பு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.