கோவளம் வரும் வெளிநாட்டு கொலீக்கின் சம்பளச் சீட்டு

சனிக்கிழமை விடியற்காலையில கோவளம் கடற்கரைக்குப் போய்ப் பாருங்க. ஒரு பக்கம் வலையை உதறிக்கிட்டு மீனவர்கள் இருப்பாங்க. இன்னொரு பக்கம் சர்ஃபிங் போர்டைத் தூக்கிக்கிட்டு அலைக்குள்ள நடக்கிறவங்க. அந்தக் கூட்டத்துல வெளிநாட்டு முகங்களும் இருக்கும். எல்லாரையும் டூரிஸ்ட்னு நினைச்சுடாதீங்க. அவங்கள்ல சிலருக்கு திங்கட்கிழமை காலையில நம்மள மாதிரியே பஞ்ச் பண்ண வேண்டியிருக்கு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார் கம்பெனியிலயோ, ஓ.எம்.ஆர். பக்கம் ஐ.டி. கம்பெனியிலயோ ரெண்டு மூணு வருஷ போஸ்டிங்ல வந்தவங்க.

இப்ப நம்ம பிரச்சினைக்கு வருவோம். டீம்ல அப்படி ஒருத்தர் இருந்தா, "வீக்கெண்ட் கோவளம் போலாமா"ன்னு கேட்பார். சர்ஃபிங் கிளாஸ், ரிசார்ட்ல ஒரு மதியச் சாப்பாடு, போக வர கேப். தலைக்கு 6,000 ரூபாய் ஆச்சுன்னு வச்சுக்குவோம். அவரும் அதே 6,000 தான் கொடுக்கிறார், நீங்களும் அதே 6,000 தான். ஆனா ரெண்டும் ஒரே 6,000 இல்ல.

ஏன்னு சொல்றேன். இந்தியாவுல எம்ப்ளாய்மெண்ட் விசா வேணும்னா, பொதுவா வருஷத்துக்குக் குறைஞ்சது 16.25 லட்சம் ரூபாய் சம்பளம் இருக்கணும். அவங்க நாட்டுச் சமையல் செய்யற சமையல்காரர், மொழி ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர்னு சில விதிவிலக்கு உண்டு. மத்தவங்களுக்கு இதுதான் தரைமட்டம். மாசக் கணக்குல போட்டா சுமார் 1.35 லட்சம். அதுக்கு மேல பல கம்பெனிகள் வீடு, கார், டிரைவர், குழந்தைகளுக்கு இன்டர்நேஷனல் ஸ்கூல் ஃபீஸ், வருஷம் ஒரு தடவை ஊருக்குப் போய்வர டிக்கெட் எல்லாம் தருது. சிலருக்கு சொந்த நாட்டு பேங்க்ல ஒரு பகுதி சம்பளம் தனியா விழுந்துக்கிட்டே இருக்கும். இங்க கைல வர்றது செலவுக்கு மட்டும்தான்.

நம்ம பக்கம்? கையில வர்றது 40,000-ன்னு வைங்க. பி.ஜி. வாடகை 10,000, வீட்டுக்கு அனுப்பறது 10,000, பைக் லோன் 5,000, சாப்பாடும் போக்குவரத்தும் 8,000. மீதி 7,000. அதுல ஒரே சனிக்கிழமை 6,000 சாப்பிட்டுடும். எஸ்.ஐ.பி. அடுத்த மாசம் பவுன்ஸ் ஆகும். அவருக்கு அந்த 6,000 மாசச் சம்பளத்துல அஞ்சு பர்சென்ட் கூட வராது. வாடகையும் கம்பெனி தலையில. அதனால அவரோட வீக்கெண்டை நம்ம பட்ஜெட்டுக்கு அளவுகோலா வச்சுக்காதீங்க.

ஆனா அவர்கிட்ட காப்பியடிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. அவர் இங்க வந்த நாள்லயே கிளம்பற தேதியும் தெரிஞ்சு வந்தவர். "அப்புறம் பார்த்துக்கலாம்"னு தள்ளிப்போட நேரமில்ல. அதனாலதான் ஆறு மாசத்துலயே தட்சிணசித்ரா, முதலைப் பண்ணை, மாமல்லபுரம்னு எல்லாம் முடிச்சிருப்பார். நாம சிறுசேரியில அஞ்சு வருஷம் வேலை பார்த்தும் கேளம்பாக்கத்துல இருந்து கிழக்கே திரும்பாம இருப்போம். சில கிலோமீட்டர்தாங்க கடல்!

இந்தக் கடற்கரைக்கு வேலைக்குன்னு வெளிநாட்டுக்காரங்க வர்றது ஒண்ணும் புதுசில்ல. 1722-ல புனித ரோமானியப் பேரரசர் ஆறாம் சார்லஸ் சாசனம் கொடுத்த ஆஸ்டெண்ட் கம்பெனிக்கு சோழமண்டலக் கரையில இருந்த வியாபாரத் தளம் கோவளம்தான். கம்பெனி நல்லா லாபம் பார்த்துச்சு. ஆனா இங்கிலாந்தும் ஹாலந்தும் கொடுத்த நெருக்கடியில 1727-ல சாசனத்தை நிறுத்தி வச்சாங்க, 1731-ல ஒரேயடியா மூடிட்டாங்க. போட்டிக் கம்பெனிக்காகச் சொந்த கவர்மெண்டே லாபத்துல இருக்கிற கம்பெனியைப் பூட்டறது அன்னைக்கே நடந்திருக்கு. பின்னால கோவளத்துக் கோட்டை பிரெஞ்சுக்காரங்க கைக்குப் போய், 1752-ல ராபர்ட் கிளைவ் பிடிச்சார். கோட்டை இருந்த இடத்துலதான் இப்ப தாஜ் ஹோட்டல் நிக்குது.

நம்ம காலத்துலயும் அப்படித்தான். வடநெம்மேலியில 1976-ல முதலைப் பண்ணை தொடங்கின ரோமுலஸ் விட்டேக்கர் நியூயார்க்ல பிறந்தவர். முட்டுக்காட்டுல 1996-ல தட்சிணசித்ராவைத் திறந்த டெபோரா தியாகராஜன் அமெரிக்காவுல பிறந்தவர். கோவளத்து மீனவர் மூர்த்தி மேகவன் சர்ஃபிங் பள்ளி ஆரம்பிச்சப்ப கூட நின்னவர்கள்ல ஒருத்தர், சென்னையில ஒலிப்பதிவு வேலை பார்த்த இஸ்ரேல்காரர் யோத்தம் அகம். லீவு நாள்ல அலை தேடி வந்தவரால ஊர்ப் பசங்களுக்கு ஒரு தொழிலே கிடைச்சது. 2013-ல இருந்து அங்க சர்ஃபிங் திருவிழாவும் நடந்திருக்கு.

சரி, 6,000 இல்லாம கோவளம் போக முடியுமா? தாராளமா. மாநகரப் பஸ் கோவளம் வரைக்கும் ஓடுது. சொந்த வண்டின்னா ஓ.எம்.ஆர். வழியா கேளம்பாக்கம் வந்து திரும்புங்க. நாவலூர் டோல் 2023 அக்டோபரோட போயாச்சு. ஈ.சி.ஆர்.ல கார்ல வந்தா உத்தண்டி டோல் கட்டணும். கடற்கரைக்கு 2021-ல நீலக்கொடி அங்கீகாரம் கிடைச்சிருக்கு, சுத்தமா இருக்கும். கார்மேல் மாதா கோயில், தமீம் அன்சாரி தர்கா, கைலாசநாதர் கோயில் மூணும் நடந்தே பார்க்கலாம். சர்ஃபிங் ஆசையா? மாசத்துக்கு ஒரு கிளாஸ்னு பட்ஜெட்ல தனி வரி போடுங்க, அன்னைக்கு ரிசார்ட் சாப்பாட்டை விட்டுடுங்க. இன்னும் தெற்கே மாமல்லபுரம் போனா, கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் சேர்த்து நமக்கு ஒரே டிக்கெட் 40 ரூபாய். உங்க கொரிய கொலீக்குக்கு அதே டிக்கெட் 600 ரூபாய். நாம ஜெயிக்கிற ஒரே பில் அதுதான், அனுபவிங்க.

இன்னொரு பாதி இதைவிட முக்கியம். நாளைக்கு உங்களுக்கே ஆன்சைட் வரும். அப்ப அந்த ஊர் கோவளத்துல நிக்கிற வெளிநாட்டுக்காரர் நீங்கதான். கொலீக்கின் பேக்கேஜ்ல இருந்து எதைக் கத்துக்கணும்னு பாருங்க.

முதல்ல வீடு. "சம்பளம் இத்தனை டாலர்"னு மட்டும் கேட்டுட்டுத் தலையாட்டாதீங்க. அந்த ஊர் வாடகை யார் தலையில, இங்க இருக்கிற சம்பளம் தொடருமா நிக்குமா, ரெண்டு நாட்டு வரிக் கணக்கையும் தாக்கல் பண்ற ஆடிட்டர் ஃபீஸ் யார் கட்டுவாங்கன்னு எழுத்துல வாங்குங்க.

அடுத்தது பி.எஃப். இங்க வேலை பார்க்கிற வெளிநாட்டவருக்கு 15,000 ரூபாய் உச்சவரம்பு கிடையாது. முழு பேசிக் மேல 12 சதவீதம் பிடிப்பாங்க, பொதுவா 58 வயசுக்கு அப்புறம்தான் எடுக்க முடியும். நீதிமன்றங்கள்ல இதுக்கு எதிரா வழக்கும் உண்டு. ஆனா கொரியா, ஜப்பான், ஜெர்மனி, பிரான்ஸ் மாதிரி நாடுகளோட இந்தியாவுக்கு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கு. அந்த நாட்டுக் கம்பெனி அனுப்பி வர்றவர் சொந்த ஊர்ச் சான்றிதழைக் காட்டினா இங்க பிடிப்பே இல்ல. இது ரெண்டு பக்கமும் வேலை செய்யும். கம்பெனி உங்களை ஜெர்மனிக்கு அனுப்பினா, கிளம்பறதுக்கு முன்னாடி இ.பி.எஃப்.ஓ.கிட்ட கவரேஜ் சான்றிதழ் வாங்கிட்டுப் போங்க. அங்க பென்ஷனுக்குத் தனியா பிடிக்க மாட்டாங்க. அமெரிக்காவோட அந்த ஒப்பந்தம் இல்ல. எச்1பி-யில போனா சம்பளத்துல 7.65 சதவீதம் போகும். அந்த ஊர் பென்ஷனுக்குத் தகுதி வர சுமாரா பத்து வருஷம் கட்டியிருக்கணும்.

கடைசியா கிளம்பற தேதி. வேலைக்காக வெளிநாடு போற இந்தியக் குடிமகன், அந்த நிதியாண்டுல 182 நாளுக்குக் குறைவா இங்க இருந்தா நான்-ரெசிடெண்ட். ஏப்ரல் 1-ல இருந்து எண்ணினா செப்டம்பர் 28 வரைக்கும் 181 நாள். அதுக்குள்ள கிளம்பினா, அங்க சம்பாதிக்கிறதுக்கு அந்த வருஷம் இங்க வரி இல்ல. அக்டோபர்ல கிளம்பினா அங்க வாங்கற சம்பளத்தையும் இங்க கணக்குல காட்டணும். அங்க கட்டின வரியைக் கழிச்சுக்கலாம், ஆனா அதுக்குத் தனி ஃபார்ம், தனி அலைச்சல். நடுவுல பொங்கலுக்கு வந்து நிக்கிற நாளும் அந்த 182-ல சேரும். எச்.ஆர். "செப்டம்பர் கடைசியிலயோ அக்டோபர் முதல் வாரத்துலயோ"ன்னு இழுத்தா, டிக்கெட் போடறதுக்கு முன்னாடி காலண்டரை எடுத்து அவங்க முன்னாடியே எண்ணிக் காட்டுங்க.