மலை இறங்கும் காரின் சூடு

ஊட்டியில் புறப்பட்டு குன்னூர், பர்லியார் வழியாக மேட்டுப்பாளையம் வந்து சேரும் கார், ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம் இறங்குகிறது. ஆட்களும் பெட்டிகளுமாக வண்டியின் எடை 1,500 கிலோ என்று வைத்துக்கொண்டால், இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் சுமார் 28 மெகாஜூல். கிட்டத்தட்ட 90 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓடும் அதே காரை 48 தடவை நிறுத்தினாலும் அவ்வளவு வெப்பம்தான் உண்டாகும். காற்றும் டயர்களும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதி பிரேக்குக்குப் போகிறதா, இன்ஜினுக்குப் போகிறதா என்பது ஓட்டுகிறவர் கையில் இருக்கிறது.

முன்சக்கர இடைவெளி வழியாக உள்ளே பாருங்கள். வார்ப்பிரும்பு டிஸ்க் பெரும்பாலான கார்களில் ஒற்றைத் தகடாக இருக்காது. இரண்டு தகடுகள், நடுவே விரல் நுழையாத இடைவெளி, அதில் வரிசையாகச் சிறு தடுப்புகள். சக்கரம் சுழலும்போது டிஸ்க்கே மின்விசிறியாகி, நடுப்பகுதியிலிருந்து காற்றை இழுத்து விளிம்பு வழியே வெளியேற்றுகிறது. நெடுஞ்சாலையில் இந்த ஏற்பாடு அருமையாக வேலை செய்யும். ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி 25, 30 கிலோமீட்டர் வேகத்தில்தான் ஊர்கிறது. சூடு மிகுதியாகப் பிறக்கும் இடத்தில் விசிறி மெதுவாகச் சுற்றுகிறது.

இங்கிலாந்தின் பிரடெரிக் லான்செஸ்டர் 1902-லேயே டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். 1953-இல் ஜாகுவார் கார் அதை வைத்துக்கொண்டு லெ மான் பந்தயத்தை வென்ற பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. நம் குடும்பக் கார்கள் பலவற்றில் பின்சக்கரத்துக்கு இன்னும் டிரம் பிரேக்தான். மூடிய டிரம்முக்குள் சூடு தங்கிவிடும். சூடேறிய டிரம் விரிந்து, உள்ளிருக்கும் ஷூவை விட்டு விலகிப்போவதால் பெடலை இன்னும் ஆழமாக மிதிக்க வேண்டிவரும்.

சூடு மிஞ்சினால் முதலில் அடி வாங்குவது, டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பேட். அதன் துகள்களைப் பிணைத்திருக்கும் பிசின் தீயத் தொடங்கும், கருகல் வாடை காருக்குள் வரும், மிதித்தாலும் பிடிப்பு இருக்காது. பேட் வேகமாகத் தேய்வதும் இந்த நிலையில்தான். சமவெளியில் பல்லாயிரம் கிலோமீட்டர் உழைக்க வேண்டிய பேடை ஒரு மோசமான இறக்கம் பாழாக்கிவிடும்.

இதைவிட ஆபத்தானது பிரேக் ஆயில் கொதிப்பது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடுகிறது. டாட் 4-க்கு இதே எண்கள் 230, 155. கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் உண்டாகும். திரவத்தைப் போலன்றி ஆவி அழுத்தினால் சுருங்கிவிடும், பெடல் தரைவரை போகும், கார் நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வது இதனால்தான். சர்வீஸ் பில்லில் பலரும் வேண்டாமென்று அடித்துவிடும் வரியும் இதுதான் என்பது எனக்குக் கவலை தருகிறது.

சூட்டைக் குறைக்கத் துளையிட்ட டிஸ்க் வாங்கிப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. குடும்பக் காருக்கு அது வீண் செலவு என்பேன். துளைகளின் ஓரத்தில்தான் விரிசல் தொடங்கும். டிஸ்க்கின் பின்னால் இருக்கும் தகரத்தைக் கழற்றினால் காற்று கூடுதலாக வரும்தான், ஆனால் சேறும் கல்லும் சேர்ந்தே வரும். அந்தப் பணத்தைக் காலிப்பர் பின்களுக்குச் செலவிடுங்கள். காலிப்பர் இரண்டு பின்கள்மேல் நகர்ந்துதான் பேடைப் பிடித்து விடுகிறது. ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் காய்ந்தால் பின் இறுகிவிடும். பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். கழற்றிப் பார்த்தால் உள்பக்கப் பேட் இரும்புவரை தேய்ந்திருக்கும், வெளிப்பக்கப் பேட் பாதி மிச்சமிருக்கும். அதிகம் பிரேக் போடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் தொடாமல் புறங்கையைக் காட்டுங்கள். ஒன்று மட்டும் அனல் வீசினால் மெக்கானிக்கிடம் போக வேண்டும்.

ஆனால் பைசா செலவில்லாத மருந்து, கியர். இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கினால் சக்கரங்கள் இன்ஜினைச் சுழற்ற வேண்டியிருக்கும், ஆற்றலில் பெரும்பங்கு அங்கே செலவாகும். ஆட்டோமேட்டிக்கில் அதற்கென எல் அல்லது 2 இருக்கும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவது தப்புக் கணக்கு. இன்றைய கார்களில் கியரில் இறங்கும்போது எரிபொருள் அறவே நின்றுவிடும், நியூட்ரலில்தான் இன்ஜின் குடித்துக்கொண்டிருக்கும். சாவியைத் திருப்பி இன்ஜினையே அணைப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. இரண்டு மூன்று மிதிகளில் பிரேக் பெடல் கல்லாகிவிடும். மின்சாரக் கார் மோட்டாரால் வேகத்தைக் குறைத்து மின்சாரத்தைச் சேமிக்கும். மலை உச்சியிலேயே பேட்டரியை முழுக்க நிரப்பிவிட்டால் அதைச் சேமிக்க இடமிருக்காது.

கருகல் வாடை வந்துவிட்டால் அகலமான இடம் பார்த்து ஒதுங்குங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், சூடான வார்ப்பிரும்பு விரிசல் விடும். பெடலையும் மிதித்தபடியே இருக்கக் கூடாது, பேட் அழுத்தியிருக்கும் இடம் ஆறாது. முகப்பு இறக்கத்தைப் பார்த்திருந்தால் ரிவர்ஸ் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். அரைமணி நேரமாவது ஆறவிட்டு, இன்ஜினை ஓடவிட்டுப் பெடலை மிதித்துப் பாருங்கள். பஞ்சுபோல் அமுங்கினால் அங்கிருந்து இறங்காதீர்கள். மெக்கானிக்கை அங்கேயே வரவழையுங்கள்.